வேலை உடுப்புகளில் தைத்த ஒரு போர்வை: ஜீஸ் பெண்ட் வீட்டுத் தையல் பற்றிய நிகழ்வு ஆய்வு

1942ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் அடங்கிய ஒரு சிற்றூரில் மிசூரி பெட்வே என்ற பெண் கணவரை இழந்தார். ஏறத்தாழ எட்டு மாதங்கள் நோயில் கிடந்து அவர் இறந்திருந்தார். அவர் வயலுக்கு உடுத்திய கால்சட்டைகளையும் சட்டைகளையும் மிசூரி எடுத்துப் பிரித்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அந்த அன்புக்குள் போர்த்திக்கொண்டு படுக்கவும் இவற்றை ஒரு குவில்ட்டாகத் தைக்கப்போவதாக மகளிடம் சொன்னார். குவில்ட் என்பது துண்டுத்துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை. அப்போது பதினேழு, பதினெட்டு வயதில் இருந்த மகள் ஆர்லான்சியா தாயோடு உட்கார்ந்து அந்த உடுப்புகளைக் கிழித்துக் கொடுத்தார். கால்சட்டையின் அடிப்பகுதி குறுகலாகவும் மேற்பகுதி அகலமாகவும் இருக்கும் என்பதால், அகலமான பகுதியை வெட்டியெடுத்துச் சமமான பட்டைகளாக்கும் வேலையைத் தாய் தமக்குத் தந்ததாகப் பல ஆண்டுகள் கழித்து அவர் நினைவுகூர்ந்தார். அப்பாவிடம் இருந்த துணி அந்த ஒரு போர்வைக்குத்தான் போதுமானதாக இருந்தது என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

அந்தப் போர்வை சற்றேறக்குறைய 90 அங்குல நீளமும் 69 அங்குல அகலமும் உடையது. அறுபது ஆண்டுகள் கழித்து அது அருங்காட்சியகச் சுவரில் தொங்கியபோது, அதன் வெளிறிய நீலத்தையும் பட்டைகளின் அமைப்பையும் கண்டவர்கள் நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஆயினும் இந்த ஆய்வின் அக்கறை வேறு. அளவுகோலும் அச்சு வரைபடமும் இல்லாமல், வீட்டில் இருந்த துணியைக் கொண்டு, வீட்டாருக்கென்றே தைத்த ஒரு கை எவ்வாறு இயங்கியது, அதே கை பிறருக்கு விற்பதற்கென்று தைத்தபோது எவ்வாறு மாறியது, மறுபடி வீட்டுக்கு வந்தபோது எதை மீட்டுக்கொண்டது என்பதையே இங்கே பார்க்க விரும்புகிறேன். வீட்டுத் தையலை நேரம் போக்கும் வேலை என்று ஒதுக்குவோரிடம் எனக்கு நெடுநாளாக ஒரு மறுப்பு உண்டு. அந்த மறுப்புக்கு நான் அறிந்த மிக வலுவான சான்று இந்த ஊர்தான்.

ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். ஜீ என்பவரின் வளைவு என்று பொருள். அலபாமா ஆறு மூன்று பக்கமும் சுற்றிவரும் இந்த நிலத்துக்கு 1816இல் ஜோசப் ஜீ என்ற பண்ணையார் வட கரோலினாவிலிருந்து அடிமைகளுடன் வந்து பருத்தி பயிரிட்டார். 1840களில் பண்ணை கடனுக்கு ஈடாக மார்க் பெட்வே என்பவரிடம் போயிற்று. அவர் கொண்டுவந்த அடிமைகளுக்கு அவருடைய குடும்பப் பெயரே நிலைத்ததால், அந்த ஊரில் இன்றும் பெரும்பாலோர் பெட்வேக்கள்தான். உறவில்லாதவர்களும் அப்பெயரையே தாங்குகிறார்கள். விடுதலைக்குப் பிறகு அவர்கள் அதே நிலத்தில் வாரக்குடிகளாக உழுதார்கள். 1932இல், அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வணிகர் இறந்தபின், அவருடைய மனைவியின் ஆட்கள் கடனுக்காகக் கால்நடை, ஏர், விதை, வீட்டிலிருந்த தானியம் வரை அள்ளிக்கொண்டு போனார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவைக் கொண்டே அந்தக் குளிர்காலத்தை ஊர் தாண்டியது. பின்னர் கூட்டரசு நிலத்தை வாங்கி அங்கிருந்த குடும்பங்களுக்கே விற்றதால், பிற இடங்களின் கறுப்பின உழவர்கள் வடக்கே நகரங்களுக்குப் பெயர்ந்த காலத்திலும் இவ்வூரார் பெருமளவில் தங்கிவிட்டார்கள். தாயின் தையலை மகளும், மகளின் தையலைப் பேத்தியும் ஒரே வீட்டில் பார்த்து வளர்ந்ததற்கு இந்த நிலைத்திருத்தல் ஒரு முக்கியக் காரணம்.

இனி தையலுக்கு வருவோம். பலகைகளும் மரத்துண்டுகளும் கொண்டு கட்டிய வீடுகளின் இடுக்குகளில் குளிர்காற்று புகும். காற்றை அடைக்கச் சுவரில் செய்தித்தாள் ஒட்டுவார்கள். பிள்ளைகளின் மேல் போர்வைக்கு மேல் போர்வையாக அடுக்குவார்கள். ஆகவே ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு போதாது, பல வேண்டும். அதுவும் ஆண்டுதோறும் புதிதாக வேண்டும். மேல்துணிக்குக் கிழிந்த வயல் உடுப்பு. அடித்துணிக்கு மாவு மூட்டையோ உர மூட்டையோ பிரித்த துணி. இடையில் வைக்க, ஜின்னிங் ஆலையின் தரையில் சிந்திக் கிடந்த பருத்தியைக் கூட்டியெடுத்து, தூசியும் தும்பும் போகக் குச்சியால் அடித்துச் சுத்தம் செய்த பஞ்சு. இப்படி அடித்த பஞ்சு கடையில் விற்கும் தகடு போல ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. தையல் வரிசைகள் தள்ளித் தள்ளி இருந்தால் இரண்டாவது சலவையிலேயே அது ஒரு மூலையில் கட்டியாகச் சேர்ந்துவிடும். மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையலால் நெருக்கமாகப் பிடிப்பது அலங்காரத்துக்காக அன்று, பஞ்சை அதனிடத்தில் நிறுத்துவதற்காகவே என்பதைப் புரிந்துகொண்டால், அந்தப் போர்வைகளின் மேல் ஓடும் தையல் வரிகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

இந்த வேலைக்கு இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதி, மேல்துணியின் துண்டுகளை இணைப்பது. இதை ஒருத்தி தன் வீட்டில் தனியாக, வயல் வேலையும் சமையலும் முடிந்த பிறகு செய்வாள். எந்தத் துண்டுக்கு அருகில் எந்தத் துண்டு என்பது அவள் முடிவு. அதில் மற்றவர் தலையிடுவதில்லை. இரண்டாம் பாதி, இணைத்த துணியைப் பஞ்சோடும் அடித்துணியோடும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டித் தைப்பது. இதற்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள், பாடுவார்கள், வேண்டுதல் செய்வார்கள். சிறுமிகள் சட்டத்துக்கு அடியில் உட்கார்ந்து ஊசி மேலேயிருந்து வந்து திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகவும், அப்படித்தான் தையல் தங்களுக்குள் வந்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள். தனிமையில் எழும் வடிவமும் கூட்டத்தில் முடியும் வேலையுமாக இந்தப் பிரிவினை அமைந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருத்தியின் மனம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இடம் ஒன்று அதில் இருந்தது. அவள் தனித்து விடப்படாத இடமும் இருந்தது.

வடிவங்களில் அவர்கள் அதிகம் விரும்பியது ‘ஹவுஸ்டாப்’, அதாவது வீட்டுக்கூரை. நடுவில் ஒரு துண்டை வைத்து, அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டையைத் தைத்து, பிறகு பட்டையும் சேர்ந்த அந்தப் புதிய பக்கத்தின் நீளத்துக்கு அடுத்த பட்டையைச் சேர்த்து, இவ்வாறு சுற்றிச் சுற்றிப் பெரிதாக்கிக்கொண்டே போவது. பார்க்க எளிமையானது, ஆனால் அதன் உள்ளமைப்பில் ஓர் அறிவு இருக்கிறது. சதுரங்களை முன்கூட்டி வெட்டி வரிசையில் இணைக்கும் முறையில், ஒரு சதுரம் கால் அங்குலம் பிசகினால் அந்தப் பிசகு வரிசை முழுவதும் கூடிக்கொண்டே போகும். ஹவுஸ்டாப்பிலோ ஒவ்வொரு பட்டையும் அந்த நேரத்தில் இருக்கும் பக்கத்தின் அளவுக்கே கிழிக்கப்படுவதால், முந்தைய பிசகை அடுத்த பட்டை ஏற்றுக்கொண்டு நகர்கிறது. கோடு சற்றே சாயும். ஆனால் போர்வை முடிவுக்கு வந்துவிடும். சிவப்புத் துணி தீர்ந்துவிட்டால் அந்த இடத்திலிருந்து நீலம் தொடரும். அந்த மாற்றம் எங்கே விழும் என்பதைத் துணியின் அளவு பாதியும் தைப்பவளின் கண் மீதியுமாகத் தீர்மானிக்கும். இவ்வாறு வழக்கமான வடிவத்தைத் தொடங்கித் தன் விருப்பத்துக்கு உடைத்துக்கொண்டு போவதை அவர்கள் ‘மை வே’ என்றார்கள். என் வழி என்பது பொருள்.

இந்த அமைப்பைக் கையால் அறிந்துகொள்ள நானும் ஒரு சிறு துண்டு தைத்துப் பார்த்தேன். நடுவில் நான்கு அங்குலச் சிவப்பு, சுற்றிலும் பழைய வேட்டியும் ரவிக்கைத் துணியும், இடையில் ஓரிரண்டு புதுத் துணிப் பட்டைகள். தைத்து முடித்தபோது நேராக இருந்தது. முதல் சலவைக்குப் பிறகு புதுத் துணி வைத்த இடங்கள் மட்டும் சுருங்கி இழுத்து, பக்கத்துப் பட்டைகளை மடிப்பு விழச் செய்துவிட்டன. சிவப்பில் ஒரு விளிம்பு வேட்டியில் சாயமாக இறங்கியிருந்தது. பலமுறை துவைத்துப் பலமுறை வெயிலில் காய்ந்த துணி சுருங்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே சுருங்கியிருக்கும், இறங்க வேண்டிய சாயம் இறங்கியிருக்கும், ஊசியும் அதில் எளிதில் நுழையும். பழைய துணியைப் பயன்படுத்தியதற்கு வறுமையை மட்டுமே காரணமாகச் சொல்லும் கட்டுரைகளை நான் முன்பு ஏற்றுக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வாறு ஏற்க முடியவில்லை. பழைய துணி அந்த வேலைக்குச் சரியான துணியும்கூட.

1965ஆம் ஆண்டில் இவ்வூரார் வாக்குரிமைக்காகத் திரண்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் அந்த ஆண்டு பிப்ரவரியில் இங்கே வந்து பேசினார். ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் மாவட்டத் தலைநகர் காம்டனுக்குச் செல்லும் படகுச் சேவை 1962இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. படகில் சில நிமிடங்களில் கடக்கக்கூடிய தூரத்தைச் சாலையில் சுற்றிப்போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்தப் படகு மீண்டும் ஓட 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தச் சூழலில்தான் ஃபிரான்சிஸ் வால்டர் என்ற எபிஸ்கோபல் சபைப் போதகர் அந்தப் பக்கம் வந்தபோது, ஒரு வீட்டின் துணிக்கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டார். ஒன்றுக்குப் பத்து டாலர் வீதம் வாங்கி நியூயார்க்கில் ஏலம் விட்டார். 1966இல் சுற்றுவட்டாரப் பெண்கள் சேர்ந்து ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவை உருவாக்கினார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் நீண்ட காலம் அதை நடத்தினார். வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்ததற்காக வேலையையும் குடியிருப்பையும் இழந்தவர்கள் இருந்த காலத்தில், தாங்களே உடைமையாளர்களாக இருந்து ஊதியம் பெற்ற அந்தத் தையற்கூடம் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. பெரிய கடைகளுக்குப் போகும் போர்வை, பட்டியலில் அச்சிட்ட படத்தைப் போலவே இருக்க வேண்டும். நீளம் அகலம் கட்டிலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நூறு வாங்கினால் நூறும் ஒன்றுபோல இருக்க வேண்டும். தையல் சிறியதாகவும் சீராகவும் விழ வேண்டும். கூட்டுறவு இவற்றுக்கு உடன்பட்டது; உடன்பட்டதால்தான் வாழ்ந்தது. எல்லோருக்கும் தெரிந்த சில மரபு வடிவங்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, துணி புதிதாக வாங்கப்பட்டு, அளவு அட்டை வைத்து வெட்டப்பட்டது. சிவப்புத் துணி தீர்ந்துவிட்டால் நீலத்தைத் தொடர அங்கே இடமில்லை. சிவப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் ‘என் வழி’ என்று பெருமையோடு சொல்லப்பட்டது கூடத்தில் பிழையாயிற்று. அந்தத் தரத்துக்குத் தைக்கப் பழக முடியாமலோ, பழக விரும்பாமலோ விலகியவர்களும் உண்டு. கூடத்தில் தைத்த போர்வைகளில் நேர்த்தி இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் யார் தைத்தார் என்ற அடையாளம் தங்குவது அரிது. மிசூரியின் போர்வையிலோ தைத்தவர் மட்டுமல்லாமல் உடுத்தியவரும் இருக்கிறார்.

1972இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைத்துத் தரக் கூட்டுறவோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பொன்மஞ்சள், வெண்ணெய்ப்பழப் பச்சை, ஆழ்ந்த சிவப்பு என்று அந்தக் காலத்து நாகரிக நிறங்களில் சுருள் சுருளாகத் துணி ஊருக்குள் வந்தது. உறைகளை வெட்டியது போக எஞ்சிய ஓரங்களும் துண்டுகளும் வீடுகளுக்குப் போயின. பகலில் ஒரே உறையைத் திரும்பத் திரும்பத் தைத்த கைகள், இரவில் அதே கார்டுராயைக் கொண்டு என்ன செய்தன என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கார்டுராய் தடித்த துணி. சிறு துண்டுகளாக நறுக்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் புடைத்துக்கொள்ளும், மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையூசியால் குத்துவதும் கடினம். எனவே அவர்கள் துண்டுகளைப் பெரிதாக விட்டார்கள். நீண்ட பட்டைகளும் அகன்ற கட்டங்களும் வந்தன. அத்துணிக்கு இன்னொரு குணம் உண்டு. வரிவரியாக நிற்கும் அதன் குட்டை இழைகள் ஒளியை ஒரு திசையில் வாங்கும், மறுதிசையில் விழுங்கும். ஒரே பச்சையை நெடுக்கில் ஒரு பட்டையும் குறுக்கில் ஒரு பட்டையுமாக வைத்தால் இரண்டு பச்சைகள் கிடைக்கும். 1970களில் அவ்வூர் வீடுகளில் தைத்த கார்டுராய் ஹவுஸ்டாப்களைப் பார்க்கும் எவருக்கும், துணியின் அந்தக் குணத்தை வடிவத்துக்குள் சேர்த்துக்கொண்ட கண் ஒன்று தெரியும். அதே நூல், அதே துணி, அதே பெண்கள். இடமும் நோக்கமும் மட்டுமே வேறு. வீட்டில் யாருக்கும் ஒரே மாதிரி நூறு தேவைப்படவில்லை.

அடுத்த கட்டத்தைப் பலர் எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனி மே யங் என்பவர் 1976இல் தைத்த வேலை உடுப்புப் போர்வை, விறகுக் குவியலின் மேல் விரித்தபடி ஒரு புகைப்பட நூலில் வந்திருந்தது. அதைப் பார்த்த வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் அவரைத் தேடி ஊருக்கு வந்தார். பழைய போர்வைகளைக் கொளுத்திக் கொசுவுக்குப் புகை போடும் வழக்கம் அங்கே இருந்ததால் எத்தனையோ போர்வைகள் அதற்குள் சாம்பலாகியிருந்தன. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சி நடந்தது. நியூயார்க் டைம்ஸ் திறனாய்வாளர் மத்தீஸ், க்ளே ஆகிய ஓவியர்களை நினைவுகூர்ந்து பாராட்டினார். 2003இல் ஊர்ப் பெண்கள் தங்களுக்கென ஒரு குவில்ட் குழுவை அமைத்தார்கள். 2007இல் ஊதியத்தையும் வடிவங்களின் உரிமையையும் குறித்துச் சிலர் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டு அது உடன்பாட்டில் முடிந்தது. இந்த வழக்கைப் புகழுக்கு நேர்ந்த களங்கமாகக் கருத நான் மறுக்கிறேன். ‘என் வழி’ என்று ஒருத்தி சொன்னால், அந்த வழி விரிப்பிலும் அட்டையிலும் அச்சாகி விற்கும்போது தன் பங்கு எங்கே என்று அவள் கேட்பது இயல்பு, கேட்க வேண்டும். காட்சிகளுக்குப் பிறகு விற்பதற்கென்றே தைப்பதும் மீண்டும் வந்தது. ஆனால் இம்முறை வாங்குவோர் தேடியது ஒன்றுபோல நூறு அல்ல, ஒருத்தியின் கை. எனவே 1966இன் சிக்கல் அதே வடிவில் திரும்பவில்லை. கூட்டுறவு 2012இல் மூடப்பட்டது.

வீட்டுத் தையலின் இன்பத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஊரைக் காட்டி, அவர்கள் மகிழ்ச்சியோடு தைத்தார்கள் என்று முடித்துவிடுவது எளிது. பலர் மகிழ்ந்தார்கள் என்பது உண்மைதான். சட்டத்தைச் சுற்றி அமர்ந்து பாடிய நாட்களை அவர்கள் ஏக்கத்தோடு சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவ்வூரின் மிகச் சிறந்த கைகளில் ஒன்று என்று நான் கருதும் லொரெட்டா பெட்வே, தமக்குத் தைப்பது பிடிக்கவே இல்லை என்றும், தைக்க விரும்பியதில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னவர். வாழ்வு கடினமாக இருந்தது, வீடு குளிர்ந்தது, பிள்ளைகளுக்குப் போர்த்த வேண்டியிருந்தது, ஆகவே தைத்தார். அவருடைய போர்வைகளில் பலவும் ‘லேஸி கேல்’ எனப்படும் வெறும் நீண்ட பட்டைகள். சோம்பேறிப் பெண்ணுக்கு ஏற்ற வடிவம் என்று பெயரே சொல்கிறது. அடர்நீலத்துக்கு அருகில் ஒரு வெள்ளைப் பட்டை, அதை அடுத்துச் சற்றே அகலம் குறைந்த இன்னொன்று என்று அவர் வைக்கும் இடைவெளிகளை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிடிக்காமல் செய்த வேலையிலும் எங்கே நிறுத்துவது, எங்கே மாற்றுவது என்ற தீர்ப்பு முழுக்க அவருடையதாகவே இருந்தது; அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

2006இல் அமெரிக்க அஞ்சல் துறை ஜீஸ் பெண்ட் போர்வைகளைக் கொண்டு பத்து அஞ்சல் தலைகள் வெளியிட்டது. அவற்றில் ஒன்று, தந்தையின் கால்சட்டைகளைத் தாயோடு அமர்ந்து கிழித்துக் கொடுத்த ஆர்லான்சியா 1965இல் தைத்தது. இரண்டு, லொரெட்டா பெட்வே தைத்தவை.